சோலை வரி

எங்கள் பக்கத்துத் தமிழில் இதற்குப் பெயர் சோலை வரி.
கொட்டாஞ்சேனையில்
இரண்டு பேர் எதிரெதிரே வந்தால்
ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய ஒழுங்கையில்
ஒன்றேகால் பேர்ச்சஸ்.
கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை,
ஏணிக்குத் தங்கை மாதிரி ஒரு படிக்கட்டு.
இதில் எது சோலை என்று
மாநகர சபையிடம் நான் கேட்டதில்லை.
ஒழுங்கைக்கே பெயர் அறுபத்தெட்டாம் தோட்டம்.
பூ என்றால் எங்களுக்கு
அந்தோனியாருக்கு வாங்கிக்கொண்டு போவதுதான்.

ஜனவரி முப்பத்தொன்று.
முழு வருடத்துக்கும் இன்றே கட்டினால்
பத்து வீதம் கழிவு.
நகர மண்டபத்து வெள்ளைத் தூண்களைச் சுற்றி
வரிசை வளைந்து வளைந்து
வெயிலுக்குள் வந்து நின்றது.
முன்னால் நின்றவருக்குப் பம்பலப்பிட்டியில் மூன்று மாடி.
அவருக்கும் பத்து வீதம்.
அவருடைய பத்து வீதத்துக்குள்
என் வரி முழுவதும் படுத்துத் தூங்கும்.
பின்னால் ஒரு பிள்ளைத்தாய்ச்சி
சிவப்பு மையில் வந்த நிலுவைக் கடிதத்தால்
விசிறிக்கொண்டு நின்றாள்.

கவுன்டரில் இருந்த பெண்
சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"மிஸ் ஐரீன் ஷொக்மன்?"
"கட்டுவது நான்" என்றேன்.
பிலோமினா சூசைப்பிள்ளை என்று சொல்லி
யாருக்கு என்ன ஆகப்போகிறது?

ஷொக்மன் நோனா மெல்பனுக்குக் கப்பலேறியபோது
நான் பிறக்கவில்லை.
அவர் ஒரு ஹாஜியாருக்கு விற்றார்,
ஹாஜியார் என் மாமனாருக்கு விற்றார்.
உறுதிகள் எல்லாம் சரி, முத்திரையும் சரி.
சபையின் புத்தகத்தில் மட்டும்
அந்தப் பக்கத்தை யாரும் புரட்டவில்லை.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை தபால்காரர்
"ஷொக்மன் நோனா!" என்று கூப்பிடுவார்.
நான் "ஓம்" என்பேன்.

விதவைகளுக்குச் சலுகை உண்டென்று
போன வருடம் மனு எழுதிப் போட்டேன்.
பதில் வந்தது:
சலுகை பதிவு பெற்ற உரிமையாளருக்கு மட்டும்.
உரிமையாளர் விதவையில்லையே.
அவர் கலியாணமே கட்டாதவர்.

ஒரே ஒரு முறை குறைத்தார்கள், அதையும் சொல்ல வேண்டும்.
ஐப்பசி மழையில் பெறுமதி போட ஒருவர் வந்தார்.
நாடாவை விரித்தார், மடித்தார்.
குளியலறைச் சுவரில்
விரல் நுழைகிற வெடிப்பு.
வெடிப்புக்குள் ஓர் அரசங்கன்று.
"ஐயா, நீங்களே பிடுங்கிவிடுங்களேன்" என்றேன்.
அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.
கன்றைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.
'சுவர் பழுது' என்று மட்டும் எழுதினார்.
காலாண்டுக்கு எண்பது ரூபா இறங்கியது.
அந்த எண்பதைத் தந்துவிட்டு அது
என் வீட்டைத் தின்றுகொண்டிருக்கிறது.

ஏழாயிரத்து முந்நூற்று அறுபதில்
எழுநூற்று முப்பத்தாறு கழிந்தது.
பற்றுச்சீட்டிலும் ஷொக்மன் நோனாதான்.
இருக்கிறாரோ, எந்தக் கல்லறையில் கிடக்கிறாரோ,
கொழும்பில் தனக்கு ஒரு காலாண்டும் பாக்கியில்லை
என்று தெரியாமலே.

கழிந்த காசுக்குக் கடையில்
சில்லறையாகச் சீமெந்து கேட்டேன்.
நிறுத்துப் பையில் கட்டித் தந்தான்.
பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன்,
இளஞ்சூடாக, குழந்தை மாதிரிக் கனத்தது.

குளியலறைக் கதவைத் திறந்தால்
கன்றில் புதிதாக இரண்டு இலை,
செம்பு நிறத்தில்.
குழைத்து அப்பினால் வெடிப்பு மூடும்.
மூடினால்
அடுத்தமுறை வருகிறவர் எழுதுவார்:
சுவர் நல்ல நிலையில்.

பையைப் படிக்கட்டுக்குக் கீழே தள்ளிவிட்டேன்.
ஈரம் பட்டால் இறுகிவிடும், தெரியும்.
வாளியில் தண்ணீர் நிரம்புகிறது.
முதல் கோப்பையை ஊற்றும்போதே
பாதி அதன்மேல் தெறிக்கிறது.